சிவனொளிபாதமலை: ஏறுகிறவர்களின் கணக்கும் சுமக்கிறவர்களின் கணக்கும்



தோட்டத்தில் "மலைக்குப் போகிறேன்" என்று ஒரு பெண் சொன்னால் அவள் கொழுந்து பறிக்கப் போகிறாள் என்று அர்த்தம். ஆறாம் நம்பர் மலை, கோவில் மலை, பழைய மலை என்று நாம் வேலை செய்யும் இடங்களுக்கெல்லாம் மலை என்றுதான் பெயர் வைத்திருக்கிறோம். ஆனால் டிசம்பர் மாதத்து உந்துவப் போயா வந்துவிட்டால் மஸ்கெலியா, நோர்வூட், சாமிமலை, அப்கோட் பக்கங்களில் மலை என்றால் ஒரே மலைதான். "சீசன் தொடங்கிவிட்டது" என்பார்கள். மே மாதத்து வெசாக் போயா வரைக்கும் ஹட்டனிலிருந்து நல்லதண்ணி வரை வீதியில் இரவு பகலாக பஸ்ஸும் வேனும் ஓடும்.

மலையின் மகிமையைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். அந்த மலையில் வேலை செய்கிறவர்களைப் பற்றி எழுதுவது நம் சங்கப் பத்திரிகையின் கடமை. சீசன் என்பது பக்தர்களுக்கு யாத்திரை, கடைக்காரருக்கு வியாபாரம், பயணிகளுக்குச் சுற்றுலா. நம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கோ அது வேலை. ஆறு மாதம் நடக்கும் அந்த வேலைக்குப் பிரட்டும் இல்லை, செக்ரோலும் இல்லை, சம்பளச் சீட்டும் இல்லை. இதைப் பற்றிச் சங்கம் இதுவரை போதிய அளவு பேசவில்லை, இனிப் பேச வேண்டும் என்பது என் கருத்து.

ஒரு மலை, நான்கு பெயர்

கடல் மட்டத்திலிருந்து 2,243 மீற்றர் உயரத்தில், அதாவது 7,359 அடியில், இரத்தினபுரி, நுவரெலியா மாவட்டங்களின் எல்லையில் நிற்கிறது இந்த மலை. இலங்கையில் இதைவிட உயரமான மலைகள் உண்டு. பிதுருதலாகலை 2,524 மீற்றர். ஆனால் அதற்கு இந்தப் புகழ் இல்லை. சுற்றியுள்ள மலைகளை விட்டுத் தனியாகக் கூம்பு போல எழும்பி நிற்பதால் கடலில் வந்த மாலுமிக்கும் இது அடையாளமாக இருந்தது.

உச்சியில் உள்ள பாத வடிவத்தைப் பௌத்தர்கள் புத்தரின் பாதம் என்கிறார்கள். அவர்களுக்கு இது ஸ்ரீபாத, சமனல. நாம் சிவனின் பாதம் என்கிறோம். நமக்கு இது சிவனொளிபாதமலை. முஸ்லிம்களுக்கு இது பாவா ஆதம் மலை. கிறிஸ்தவர்களில் சிலர் புனித தோமாவின் பெயரோடு சேர்த்துப் பேசுகிறார்கள். ஆங்கிலேயர் வைத்த பெயர் அடம்ஸ் பீக்.

பெயரை வைத்துச் சண்டை மூட்டப் பார்க்கிறவர்கள் எல்லாப் பக்கத்திலும் உண்டு. அவர்களுக்கு மலையின் வரலாறே பதில் சொல்லும். பதினாறாம் நூற்றாண்டில் சீதாவாக்கையின் முதலாம் இராஜசிங்கன் சைவத்துக்கு மாறி மலையைச் சைவ ஆண்டிகளின் பொறுப்பில் கொடுத்தான். பதினெட்டாம் நூற்றாண்டில் கண்டி அரசன் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் அதை மீண்டும் பிக்குமாரிடம் ஒப்படைத்தான். பொறுப்பு கைமாறியது. ஆனால் எந்தக் காலத்திலும் எல்லாச் சமயத்தவரும் ஏறிக்கொண்டேதான் இருந்தார்கள். இன்றும் இரவு இரண்டு மணிக்குப் படியில் மூச்சு வாங்கி உட்கார்ந்திருக்கும் சிங்களத் தாய்க்குத் தண்ணீர் கொடுக்கும் தமிழ்ப் பையன் அவளிடம் சமயம் கேட்பதில்லை. அந்தப் பழக்கத்தை நாம் காப்பாற்ற வேண்டும். அறிவிப்புப் பலகைகளில் தமிழ் இருக்க வேண்டும், பிழையில்லாமல் இருக்க வேண்டும் என்று கேட்பது நம் உரிமை. அதற்கு மேல் பெயர்ச் சண்டையில் இறங்கினால் நம் பிள்ளைகளின் கூலிப் பிரச்சினை மறைந்துபோகும். அப்படி மறைவதில் இலாபம் காண்கிறவர்களும் உண்டு.

ஏறியவர்களின் பெயர் இருக்கிறது, சுமந்தவர்களின் பெயர் இல்லை

இந்த மலையில் ஏறியவர்களின் கதை நீண்டது. பதினோராம் நூற்றாண்டில் சோழரிடமிருந்து நாட்டை மீட்ட முதலாம் விஜயபாகு, யாத்திரிகர்கள் படும் கஷ்டத்தைப் பார்த்து கிலிமலை என்ற கிராமத்தையே அவர்களுடைய உணவுக்காக எழுதி வைத்தான். நிசங்கமல்லன் தன் பரிவாரத்தோடு ஏறினான். பதின்மூன்றாம் நூற்றாண்டில் இரண்டாம் பராக்கிரமபாகுவின் அமைச்சன் தேவபதிராஜன் கம்பளைப் பக்கமிருந்து வரும் வழியில் பாலங்களும் தங்குமடங்களும் கட்டினான். மார்க்கோ போலோ இந்த மலையின் சங்கிலிகளைப் பற்றி எழுதினார்.

1344ஆம் ஆண்டு வந்த மொரோக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதாவின் கதையை நாம் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அவருடைய கப்பல் புத்தளம் பக்கம் கரை தட்டியது. அங்கே அவரை வரவேற்றவன் யாழ்ப்பாணத்தின் தமிழ் அரசன் ஆரியச்சக்கரவர்த்தி. "எனக்கு வேறொன்றும் வேண்டாம், அந்தப் பாதத்தைப் பார்க்க வேண்டும்" என்று அவர் கேட்க, அரசன் ஒரு பல்லக்கும் அதைத் தூக்க அடிமைகளும் கொடுத்தான். வருடாவருடம் மலைக்குப் போகும் நான்கு யோகிகள், மூன்று பிராமணர்கள், தன் ஆட்கள் பத்துப் பேர் ஆகியோரை வழித்துணைக்கு அனுப்பினான். உணவுப் பொருட்களைச் சுமக்கப் பதினைந்து பேரைக் கூட அனுப்பினான்.

இப்னு பதூதாவின் பெயர் உலகத்துக்கே தெரியும். அரசன் பெயரும் தெரியும். அந்தப் பதினைந்து பேரின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. பல்லக்குத் தூக்கியவர்கள் எத்தனை பேர் என்பதற்குக் கணக்குக்கூட இல்லை. வழி முழுவதும் அவர் சாப்பிட்டது அவர்கள் முதுகில் வந்த சாப்பாடு.

பிறகு வெள்ளைக்காரர் காலம் வந்தது. கண்டி விழுந்து இரண்டு வருடத்தில், 1817இல், ஜோன் டேவி என்ற ஆங்கிலேய வைத்தியர் ஏறி, பாதத்தின் நீள அகலத்தையும் அதைச் சுற்றியிருந்த பித்தளைச் சட்டத்தையும் எழுதி வைத்தார். அவருக்குப் பின் கவர்னர்மாரும் துரைமாரும் ஏறினார்கள். அவர்களுடைய பெட்டியையும் கூடாரத்தையும் மேலே கொண்டுபோனவர்கள் யார் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

ஹட்டன் பாதை வந்தது எப்படி

பழைய காலத்தில் பெரும்பாலான யாத்திரிகர்கள் இரத்தினபுரி, பலாபத்தல வழியாகவோ குருவிட்ட, எரத்ன வழியாகவோ ஏறினார்கள். இரண்டும் நீளமான, கஷ்டமான பாதைகள். இன்று பெரும் கூட்டம் வருவது ஹட்டன், நல்லதண்ணி வழியாக. ஏன்? அது குறுகிய பாதை. அதோடு மலையடிவாரம் வரை வீதி இருக்கிறது, ஹட்டன் வரை ரயில் இருக்கிறது.

அந்த வீதியும் ரயிலும் யாத்திரிகருக்காகப் போடப்பட்டவை அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் டிக்கோயா, மஸ்கெலியாக் காடுகளை வெட்டிக் கோப்பித் தோட்டம் போட்டார்கள். கோப்பியை நோய் தின்றபின் தேயிலை வந்தது. அந்தச் சரக்கைக் கொழும்புக்கு இறக்கத்தான் ரயில் பாதை 1884இல் ஹட்டனுக்கு வந்தது. காட்டை வெட்டியவர்கள், மலையை உடைத்தவர்கள், கல் சுமந்தவர்கள், வீதி போட்டவர்களில் பெரும்பாலோர் தென்னிந்தியாவிலிருந்து நடத்திக் கொண்டுவரப்பட்ட நம் பாட்டன் பாட்டிமார். அவர்களுடைய உழைப்பு இல்லாவிட்டால் ஹட்டன் பாதையில் இன்று வரும் கூட்டத்தில் பெரும்பகுதி வந்திருக்காது.

இதற்குச் சாட்சி ஊரின் பெயரே. வெள்ளைக்காரர் அந்த இடத்துக்கு டல்ஹவுசி என்று பெயர் வைத்தார்கள். அது நிலைக்கவில்லை. ஓடையில் நல்ல தண்ணீர் கண்டவர்கள் சொன்ன தமிழ்ப் பெயர் நிலைத்தது. இன்று சிங்களவரும் அதை "நல்லதண்ணிய" என்றுதான் அழைக்கிறார்கள். நாட்டின் மிகப் பெரிய யாத்திரையின் வாசலுக்கு நம் மக்களின் பெயர் இருக்கிறது. ஆனால் 2023இல் மலையகத்துக்கு இருநூறு ஆண்டு என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்து நம் கதையைச் சொன்னபோதுகூட இந்தப் பாதையின் கதையை நாம் பெரிதாகப் பேசவில்லை.

தண்ணீர் கீழே போகிறது

மலையைச் சுற்றியுள்ள காடு 1940இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2010இல் ஹோர்ட்டன் சமவெளி, நக்கிள்ஸ் ஆகியவற்றோடு சேர்த்து யுனெஸ்கோ இதை உலக மரபுரிமையாக ஏற்றுக்கொண்டது. களனி, களு, வளவை ஆகிய மூன்று ஆறுகளுக்கும் இந்தப் பக்கத்து மலைகளிலிருந்துதான் நீர் வருகிறது.

மஸ்கெலி ஓயா மவுசாகலை அணையில் தேங்குகிறது. கெசல்கமு ஓயா காசல்ரி அணையில் தேங்குகிறது. இரண்டும் லக்சபான மின் நிலையங்களைச் சுழற்றிவிட்டு, களனியாகிக் கொழும்புக்குக் குடிதண்ணீராகப் போகிறது. 1960களின் இறுதியில் மவுசாகலை அணை கட்டப்பட்டபோது பழைய மஸ்கெலியா நகரம் தண்ணீருக்குள் போனது. கடும் வரட்சியில் நீர் வற்றினால் பழைய கோவிலும் விகாரையும் பள்ளிவாசலும் வெளியே தெரியும். அதைப் பார்க்க ஆட்கள் வருவார்கள், படம் எடுப்பார்கள்.

அந்தத் தண்ணீரில் எடுத்த மின்சாரம் நாடு முழுவதும் போன பிறகும் பல லயங்களில் வெகுகாலம் குப்பி விளக்குத்தான் எரிந்தது. இன்றும் அணையைப் பார்த்தபடி இருக்கும் லயத்தில் குழாய்த் தண்ணீர் சுத்திகரிக்கப்படாமல் ஓடையிலிருந்து நேராக வருகிறது. சீசனில் படிகளில் விழும் பிளாஸ்ரிக் போத்தலும் சாப்பாட்டுப் பொதியும் மழை வந்தால் அதே ஓடையில்தான் இறங்கும். போதிய மலசலகூடம் இல்லாத பாதையில் ஓர் இரவில் ஆயிரக்கணக்கானோர் நடந்தால் கீழே தண்ணீர் பிடிப்பவர்களுக்கு என்ன வரும் என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கேட்டுப் பாருங்கள். யாத்திரிகரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. நாமும் யாத்திரிகர்தான். ஏற்பாடு செய்ய வேண்டியவர்கள் செய்ய வேண்டும் என்பதுதான் கேள்வி.

காட்டு எல்லைப் பிரச்சினையும் இதோடு சேர்ந்தது. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கத்துத் தோட்டத்தில் அபூர்வமான ஒரு கருஞ்சிறுத்தை சுருக்குக் கம்பியில் சிக்கிச் செத்தது. நாடே அதிர்ந்தது, நியாயம்தான். சுருக்குக் கம்பி வைப்பதை எந்தத் தொழிலாளியும் ஆதரிக்கக் கூடாது. சிறுத்தைக்கு வைக்காவிட்டாலும் சிறுத்தைதான் சிக்கும்; கொழுந்து பறிக்கும் பெண்ணின் காலும் சிக்கும். அதே நேரத்தில், பன்றி அழிக்கும் மரக்கறித் தோட்டத்துக்கு வேலி போடவும் விறகுக்கு மாற்று வழி தேடவும் தோட்ட நிர்வாகமும் வனஜீவராசிகள் திணைக்களமும் நம்மோடு உட்கார்ந்து பேச வேண்டும். காட்டின் எல்லையில் குடியிருக்கும் மக்களை விட்டுவிட்டுக் காட்டைக் காக்க முடியாது.

சீசன் தொழிலாளி யார்?

சீசன் டிசம்பரிலிருந்து மே வரை நடப்பதற்குக் காரணம் மழை. மே மாதம் தென்மேல் பருவக்காற்று தொடங்கினால் இந்தச் சரிவில் மழையும் காற்றும் நிற்காது. அந்த மாதங்களில் பாதையில் விளக்கு இல்லை, கடை இல்லை.

அதே காலநிலைதான் நம் சம்பளத்தையும் தீர்மானிக்கிறது. ஜனவரியிலிருந்து மார்ச் வரை இந்தப் பக்கத்தில் வரட்சி. பனியும் வெயிலும் மாறி மாறி அடித்தால் கொழுந்து குறையும். கொழுந்து குறைந்தால் வேலை நாள் குறையும், கிலோவும் காணாது. வீட்டில் காசு இல்லாத அதே மாதங்களில்தான் மலையில் வேலை கிடைக்கிறது. அதனால் பகலில் மருந்தடிக்கப் போனவர் இரவில் சுமை தூக்கப் போகிறார். கொழுந்து நிறுத்துவிட்டு வந்த அம்மா விடிய விடிய ரொட்டி தட்டப் போகிறார். பள்ளிக்கூடப் பையன் தேநீர்க் கடையில் கோப்பை கழுவுகிறான்.

நல்லதண்ணியிலிருந்து உச்சிக்கு ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். ஏறக்குறைய ஆயிரம் மீற்றர் உயரம். வெறுங்கையோடு ஏறுகிறவருக்கே மூன்று, நான்கு மணித்தியாலம் பிடிக்கும். மேலே உள்ள கடைகளில் விற்கும் சீனி, மா, தண்ணீர்ப் போத்தல், எரிவாயு சிலிண்டர் எல்லாம் பெரும்பாலும் மனிதர் முதுகிலும் தோளிலும்தான் போகின்றன. யாத்திரிகர் சூரிய உதயம் பார்க்க, மலையின் முக்கோண நிழல் மேற்கே விழுவதைப் பார்க்க, இரவில் ஏறுகிறார்கள். சுமைகாரரும் அதே இரவில், அதே ஈரப் படியில், கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஏறுகிறார்.

அவர் வழுக்கி விழுந்து முழங்கால் உடைந்தால் என்ன நடக்கும்? கடைக்காரர் கொஞ்சம் காசு கொடுப்பார், அல்லது கொடுக்கமாட்டார். தோட்டத்தில் "இது தோட்ட வேலையில் பட்ட அடி இல்லை" என்பார்கள். அதுவும் உண்மைதான். வேலைக்கு வர முடியாத நாட்கள் வெறும் நாட்களாகப் போகும். இரண்டு முதலாளிமாருக்கு உழைத்தவருக்கு, விழுந்த பிறகு ஒரு முதலாளியும் இல்லை.

சட்டம் இருக்கிறது, எழுத்து இல்லை

பலர் நினைப்பது போல இது சட்டம் எட்டாத வேலை அல்ல. நம் அங்கத்தவர்கள் இவற்றைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

கடையில் வேலை செய்பவருக்கு 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலகப் பணியாளர் சட்டம் உண்டு. நாளுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45 மணித்தியாலம். அதற்கு மேல் வேலை செய்தால் மேலதிகக் கொடுப்பனவு.

ஊழியர் சேமலாப நிதிச் சட்டம், 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கம், நிரந்தரத் தொழிலாளிக்கு மட்டும் உரியதல்ல. தற்காலிகமாக, நாள்கூலியாக வேலை செய்பவருக்கும் முதலாளி 12 வீதமும் தொழிலாளி 8 வீதமும் கட்ட வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி இன்னும் 3 வீதம் கட்ட வேண்டும்.

வேலையில் காயப்பட்டால் நட்டஈடு கேட்க 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாளர் நட்டஈட்டுச் சட்டம் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம் எல்லாத் தொழிலாளருக்கும் குறைந்தபட்ச வேதனம் ஒன்றை நிர்ணயித்திருக்கிறது.

2021இலிருந்து 16 வயதுக்குட்பட்ட பிள்ளையை வேலைக்கு அமர்த்துவது குற்றம். 18 வயதுக்குட்பட்டவரை ஆபத்தான வேலையில் அமர்த்தவும் தடை. நள்ளிரவில் பாரம் தூக்கி மலை ஏறுவது ஆபத்தான வேலை இல்லை என்று யார் சொல்வார்கள்?

குறைபாடு ஒன்றுதான். யார் யாருக்கு வேலை செய்கிறார் என்று எங்கும் எழுதப்படவில்லை. சுமைகாரர் கடைக்காரரின் ஆளா, கொந்தரப்புக்காரரின் ஆளா, தன் பாட்டுக்கு வேலை செய்கிறவரா? எழுத்தில் இல்லாதபோது ஒவ்வொருவரும் மற்றவரைக் கைகாட்டுகிறார்கள். நம் முன்னோர் துண்டு முறையில் கடனாளியாகி வந்த காலத்திலிருந்து இன்றுவரை தோட்டத்தில் நாம் படித்த பாடம் இதுதான்: பேர் போடாத நாளுக்குச் சம்பளம் இல்லை. 1,000 ரூபா நாட்சம்பளத்துக்காக எத்தனை வருடம் வீதியில் நின்றோம்! வாக்குறுதிகள் எத்தனையோ வந்தன. 2021 மார்ச் மாதம் அது வர்த்தமானியில் ஏறிய பிறகுதான் கையில் பிடிக்கக்கூடிய உரிமையானது.

எதிராகச் சொல்லப்படுபவை

இப்படிப் பேசினால் மூன்று பதில்கள் வரும். அவற்றை மறைக்காமல் பார்ப்போம்.

முதலாவது: "சாமி காரியத்தில் கூலி கணக்குப் பார்க்கலாமா?" தொண்டு செய்கிறவர் செய்யட்டும். தானசாலைகளில் இலவசமாகச் சோறும் தேநீரும் கொடுப்பவர்களை வணங்குகிறோம். ஆனால் காசுக்கு விற்கும் தண்ணீர்ப் போத்தலைத் தூக்குவது தொண்டு அல்ல. அந்தப் போத்தலின் விலை மேலே போகப் போகக் கூடுவதற்கே காரணம் அதைத் தூக்கிய முதுகுதான். விலை கூடலாம், கூலி மட்டும் கேட்கக் கூடாது என்பது நியாயமா?

இரண்டாவது: "சங்கம் தலையிட்டால் கடைக்காரர்கள் நம் பையன்களை விட்டுவிட்டு வெளியிலிருந்து ஆள் கொண்டு வருவார்கள்." இந்தப் பயத்தைத் தட்டிக்கழிக்க முடியாது. இந்த வருமானத்தை நம்பி அடுப்பெரியும் வீடுகள் இருக்கின்றன. அதனால்தான் தனித் தனியாக ஒரு கடைக்காரரோடு மோதச் சொல்லவில்லை. எல்லாக் கடைக்கும், எல்லாச் சுமைக்கும், யார் தூக்கினாலும் ஒரே கூலி அட்டவணை என்று சீசனுக்கு முன்பே பேசி முடிக்க வேண்டும். வெளியிலிருந்து வருகிறவருக்கும் அதே கூலி என்றால் வெளியாளைக் கொண்டு வருவதில் கடைக்காரருக்கு இலாபம் இல்லை. சிறு கடைக்காரர்களில் பலரும் கஷ்டப்பட்டவர்கள்தான். அவர்களை எதிரியாக்காமல் மேசைக்குக் கொண்டுவர வேண்டும்.

மூன்றாவது: "இது தோட்டத் தொழிற்சங்கத்தின் வேலை இல்லை." தோட்டத்தில் வேலை நாள் குறைந்துகொண்டே வருகிறது. நம் இளைஞர்கள் கொழும்புக் கடைகளிலும் கட்டட வேலையிலும் இருக்கிறார்கள். லயத்தில் குடியிருந்து வெளியே உழைப்பவர்கள் கூடிவிட்டார்கள். அவர்கள் நம் அங்கத்தவரின் பிள்ளைகள். கொழுந்துக் கூடைக்கு மட்டும்தான் சங்கம் என்று இருந்தால் இன்னும் இருபது வருடத்தில் சங்கத்தில் ஆள் இருக்காது.

நாம் கேட்க வேண்டியவை

ஒன்று. சீசன் தொடங்கும் முன்பு ஒவ்வொரு வருடமும் மாவட்டச் செயலாளர் கூட்டும் ஏற்பாட்டுக் கூட்டங்களில் தோட்டத் தொழிலாளர் பிரதிநிதிகளுக்கு இடம் வேண்டும். அதில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும்.

இரண்டு. சுமை தூக்குபவர், கடை வேலையாள், துப்புரவு வேலையாள் எல்லோருக்கும் பதிவும் அடையாள அட்டையும் வேண்டும். அட்டையில் முதலாளியின் பெயர் இருக்க வேண்டும். இந்த ஒரு வரி இருந்தால் நட்டஈடும் சேமலாப நிதியும் கேட்க வழி பிறக்கும்.

மூன்று. ஒருவர் தூக்கக்கூடிய பாரத்துக்கு எல்லை வேண்டும். தூரத்துக்கும் பாரத்துக்கும் ஏற்றபடி கூலி அட்டவணை வேண்டும். பாதையில் சுமைகாரர் இறக்கி வைத்து ஆறத் தனி இடம் வேண்டும்.

நான்கு. இரவில் வேலை செய்யும் பெண்களுக்குப் பூட்டக்கூடிய மலசலகூடமும் பாதுகாப்பான ஓய்விடமும் வேண்டும்.

ஐந்து. சீசன் மாதங்களில் பிள்ளைகளின் பள்ளிக்கூட வரவைப் பாடசாலை அதிபர்களும் தோட்டக் கமிட்டிகளும் சேர்ந்து பார்க்க வேண்டும். இதில் பெற்றோருக்கும் பொறுப்பு உண்டு. இரவு முழுவதும் கோப்பை கழுவிய பிள்ளை காலையில் வகுப்பில் தூங்கும். சாதாரண தரம் தவறினால் அவனுக்கு மறுபடியும் சுமைதான்.

ஆறு. சீசனால் பிரதேச சபைக்குக் கிடைக்கும் வருமானத்தில் ஒரு பங்கு பாதையோரத் தோட்டங்களின் குடிதண்ணீருக்கும் குப்பை அகற்றலுக்கும் போக வேண்டும். முன்பு கேட்டால் 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காட்டி, "தோட்டத்துக்குள் செலவு செய்ய முடியாது" என்பார்கள். நாம் வாக்குப் போடலாம், சபை நமக்கு றோட்டுப் போட முடியாது. அந்தப் பிரிவு 2018இல் திருத்தப்பட்டுவிட்டது. மஸ்கெலியாவுக்கும் நோர்வூட்டுக்கும் தனிப் பிரதேச சபைகளும் வந்துவிட்டன. இனிமேல் அந்தச் சாக்கு செல்லாது.

இந்த ஆறில் கடைசிக்குத் தலைமைக் காரியாலயத்துக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்தப் பிரசையும் தமிழில் கடிதம் எழுதிக் கேட்கலாம். போன சீசனில் சபைக்கு வந்த வருமானம் எவ்வளவு? எதற்குச் செலவானது? எந்தத் தோட்டத்துக்கு எவ்வளவு? பதினான்கு வேலை நாட்களுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் ஒரு கடிதம் போட்டால் போதும். பதில் வரும்போது பிரதியைச் சங்கக் காரியாலயத்துக்கு அனுப்பி வையுங்கள்.

அதோடு, இந்த சீசனில் மலையில் வேலைக்குப் போகிறவர்கள் ஒரு சின்னக் கொப்பியில் தினமும் நான்கு விடயம் எழுதி வையுங்கள்: தேதி, யாருக்கு வேலை செய்தேன், எத்தனை மணித்தியாலம் அல்லது எத்தனை சுமை, எவ்வளவு காசு. எழுதத் தெரியாதவருக்குப் பிள்ளைகள் எழுதிக் கொடுக்கட்டும். பிரச்சினை வந்தால் ஹட்டன் தொழில் அலுவலகத்தில் முதலில் கேட்பது இந்தக் கணக்கைத்தான். வெசாக் முடிந்ததும் தோட்டத் தலைவர்மாரும் மாதர் சங்கத் தலைவிமாரும் அந்தக் கொப்பிகளைச் சேர்த்துக் கொண்டுவந்தால், அடுத்த சீசனுக்கு முன் பேச்சுவார்த்தைக்குப் போக நம்மிடம் ஆதாரம் இருக்கும்.

முதலாம் விஜயபாகுவுக்கு, மலைக்குப் போகிறவர்களுக்குச் சோறு வேண்டும் என்று ஆயிரம் வருடத்துக்கு முன்பே தெரிந்தது. அந்தச் சோற்றைச் சுமந்து கொடுக்கிறவருக்கும் கூலியும் பாதுகாப்பும் வேண்டும் என்பது இந்தக் காலத்து அரசாங்கத்துக்கும் சபைகளுக்கும் தெரியாமல் இருக்க முடியாது. அவர்கள் தெரிந்தும் பேசாமல் இருந்தால், கணக்கைக் கொண்டுபோய் மேசையில் வைப்பது நம் வேலை. கொப்பியை இன்றைக்கே வாங்கி முதல் பக்கத்தில் பெயரை எழுதுங்கள்.